மதுரை சுல்தான்களின் செப்புக் காசு

எட்டு சுல்தான்கள் நாற்பத்து சொச்சம் ஆண்டுகள் மதுரையில் ஆண்டார்கள். அந்த ஆட்சி எப்போது முடிந்தது என்பதற்குக் காவியமும் கல்வெட்டும் ஒரு கணக்குச் சொல்ல, காசு வேறு கணக்குச் சொல்கிறது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் மண் தோண்டாத நாளே கிடையாது. தொழிற்சாலைக்கு அஸ்திவாரம், குடியிருப்புக்குக் கழிவுநீர்க் குழாய், சாலையை அகலப்படுத்த ஓரப்பள்ளம் என்று எங்காவது ஒரு பொக்லைன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று 2022-ல் ஒரு இடத்தில் முறைப்படி தோண்டிப் பார்த்தார்கள். ஒரகடத்துக்குப் பக்கத்திலுள்ள வடக்குப்பட்டு கிராமத்தின் நத்தமேட்டில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வு அது. கற்கால மனிதர் செதுக்கிய கல் கருவிகள், பழைய செங்கல் கட்டுமானம், கூரை ஓடுகள், ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல், சின்னச் சின்னத் தங்க அணிகலன்கள் எல்லாம் அந்த ஒரு மேட்டிலிருந்து வந்தன.

முறைப்படி தோண்டியதால் இவ்வளவு கிடைத்தது. சுற்றுவட்டாரத்தில் லாரி லாரியாக வாரிக்கொண்டு போன மண்ணில் எவ்வளவு போயிற்று?

தங்கம் கிடைத்தால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும், செய்தித்தாளில் வரும், அதிகாரிகள் வருவார்கள். பச்சைக் களிம்பு ஏறிய ஒரு செப்புத் துண்டுக்காக யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. ஆனால் தமிழ்நாட்டு வரலாற்றில் ஒரு முழு அரச பரம்பரையின் காலவரிசை அப்படிப்பட்ட செப்புத் துண்டுகளை நம்பித்தான் நிற்கிறது. அந்தப் பரம்பரை மதுரை சுல்தான்கள். பள்ளிப் பாடத்தில் அவர்களுக்கு இரண்டு வரி கிடைத்தால் அதிகம்.

குதிரை வந்த வழியில்

அரபு எழுத்துள்ள பணம் தமிழ்நாட்டுக்கு வாளோடு வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்கு முன்பே அது வியாபாரத்தோடு வந்துவிட்டது. பாண்டியர்களுக்குக் குதிரை வேண்டும். நம் மண்ணில் நல்ல குதிரை வளராது. பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இந்தக் கரைக்கு வந்ததாகவும், ஒரு குதிரைக்கு 220 தீனார் விலை என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். பத்தாயிரம் என்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் அது பெரும் பணம். காயல் துறைமுகத்தில் இந்த வியாபாரத்தைப் பார்த்துக்கொண்ட தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், சுந்தர பாண்டியனின் அமைச்சராகவே இருந்தார். நம் கிழக்குக் கரைக்கு அரபுகள் வைத்த பெயர் மாபார்.

அந்தத் தீனாருக்கும் ஒரு பூர்வகதை உண்டு. ஆரம்பகால இஸ்லாமிய ஆட்சியாளர்கள் பைசாந்திய, பாரசீகக் காசுகளையே கொஞ்சம் மாற்றிப் புழங்கவிட்டார்கள். அவற்றில் அரசர் தலை இருந்தது, சிலுவை இருந்தது, அக்கினிக் குண்டம் இருந்தது. ஹிஜ்ரி 77-ல், அதாவது கி.பி. 696-97-ல், டமாஸ்கஸில் ஆண்ட கலீஃபா அப்துல் மலிக் உருவத்தையே எடுத்துவிட்டு எழுத்து மட்டும் கொண்ட தங்க தீனாரை வெளியிட்டார். எடை நாலேகால் கிராம். இரண்டே ஆண்டில் வெள்ளி திர்ஹமும் அதே வழிக்கு வந்தது. அதற்குப் பிறகு ஸ்பெயினிலிருந்து வங்காளம் வரை இஸ்லாமிய அரசர்களின் காசு பெரும்பாலும் படிக்க வேண்டிய காசாகவே இருந்தது. பெயர், பட்டம், அச்சிட்ட ஊர், ஆண்டு எல்லாம் அதிலேயே இருக்கும். சோழன் காசைக் கையில் எடுத்தால் எந்த ஆண்டு அடித்தது என்று சொல்ல முடியாது. சுல்தான் காசில் ஆண்டு தேயாமல் இருந்தால் சொல்லிவிடலாம். இந்தக் காசுகளைச் சேர்க்கிறவர்களைப் பித்துப் பிடிக்க வைப்பது அதுதான்.

வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா உரையில் யார் பெயர் சொல்லப்படுகிறதோ, காசில் யார் பெயர் பொறிக்கப்படுகிறதோ, அவரே அரசர். இந்த இரண்டும்தான் ஆட்சியுரிமையின் அடையாளம். அதனால் ஒருவர் தன் பெயரில் காசு அடித்துவிட்டால், நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை என்று அறிவித்துவிட்டார் என்று பொருள். அதே போல ஒரு பெயரைக் காசிலிருந்து எடுப்பதும் லேசான காரியம் இல்லை. பாக்தாதின் கலீஃபா அல் முஸ்தஸிமை 1258-ல் மங்கோலியர் கொன்றுவிட்டார்கள். டெல்லியில் பால்பனும் அவருக்குப் பின் வந்த ஜலாலுத்தீன் கில்ஜியும் 1290-கள் வரை அந்தச் செத்துப்போன கலீஃபாவின் பெயரையே காசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயரை எடுத்தால் அந்த இடத்தில் வேறு யார் பெயரைப் போடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

கைத்தலிலிருந்து மதுரைக்கு

1311-ல் மாலிக் கஃபூர் மதுரைக்கு வந்து கொள்ளையடித்துவிட்டுத் திரும்பினார். 1323-ல் உலூக் கான், அதாவது பின்னாளில் முகமது பின் துக்ளக், மாபாரைப் பிடித்து டெல்லியின் மாகாணமாக ஆக்கினார். அவர் சுல்தானானதும் நடத்திய புகழ்பெற்ற பணச் சோதனை 1329-லிருந்து 1332 வரை ஓடியது. பித்தளை, செம்புக் காசுகளை வெள்ளித் தங்காவுக்குச் சமமாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். சுல்தானுக்குக் கீழ்ப்படிகிறவன் ஆண்டவனுக்குக் கீழ்ப்படிகிறான் என்று அந்தக் காசிலேயே எழுதியும் வைத்தார். வீட்டுக்கு வீடு கள்ளக் காசு அடித்தார்கள். கடைசியில் கஜானாவிலிருந்து வெள்ளியைக் கொடுத்து அத்தனையையும் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. அந்த நாளில் மதுரையும் அவருடைய ராஜ்யத்தில்தான் இருந்தது.

மாபாரின் ஆளுநர் ஜலாலுத்தீன் அஹ்சன், இன்றைய ஹரியானாவிலுள்ள கைத்தல் ஊர்க்காரர். 1330-களின் நடுவில் அவர் டெல்லியோடு உறவை முறித்துக்கொண்டு சுல்தான் அஹ்சன் ஷா ஆனார். துக்ளக் சும்மா விடவில்லை. அரண்மனைப் பணியில் இருந்த அஹ்சனின் மகன் இப்ராஹீம் கொல்லப்பட்டார். பெரும்படையோடு தெற்கே கிளம்பிய சுல்தான் வாரங்கல் வரை வந்தார். அங்கே கொள்ளைநோய் படையைப் பாதியாக்கியது. திரும்பும் வழியில் பீட் என்ற ஊரில் விழுந்த தன் பல்லுக்கு ஒரு கல்லறை கட்டிவிட்டு வடக்கே போனார். மதுரை அதன் பிறகு டெல்லியின் கைக்கு வரவேயில்லை.

அந்தச் சுதந்திரத்தின் சாட்சி ஒரு செப்புக் காசு. விரல் நுனியில் நிற்கும் அளவு. வட்டம் என்று சொல்லலாம், ஆனால் ஓரம் ஒழுங்காக இருக்காது. ஒருபக்கம் சுல்தான் என்ற பட்டம், மறுபக்கம் அஹ்சன் ஷா என்ற பெயர். ஆண்டு தெரியும் காசுகளில் ஹிஜ்ரி 738 உண்டு. நம் கணக்கில் 1337-38. அவருடைய உயர்மதிப்புக் காசில் பட்டம் இன்னும் நீளம். நபியின் வழித்தோன்றல், ஏழை எளியவரின் தந்தை என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். சையது வம்சம் என்பதை அவர் மதுரைக்காரர்களுக்கு அறிவிக்கும் விதம் அது.

அருகில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: எந்த ஒரு காசிலும் முழு வாசகம் இருக்காது. மேலே ஒரு வரி வெட்டுப்பட்டிருக்கும், இல்லை இடதுபக்கம் பாதி எழுத்து வெளியே போயிருக்கும். ஒரகடத்தில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களிடம் டை ஒன்று, பிளாங்க் ஒன்று. இரண்டும் அளவுக்கு அளவு பொருந்தும், ஊசிமுனை தள்ளினால் அந்தத் துண்டு ரிஜெக்ட். அன்றைய அக்கசாலையிலும் இதே இரண்டுதான். கீழ் அச்சு பட்டறைக் கல்லில் பதிந்திருக்கும், மேல் அச்சு ஒருவர் கையில் இருக்கும், நடுவே செப்புத் துண்டு, மேலே சம்மட்டி அடி. ஆனால் அச்சு பெரிது, செப்புத் துண்டு சிறிது. அதனால் அச்சில் வெட்டிய வாசகத்தில் ஒரு பகுதிதான் காசில் விழும், அதுவும் அடிக்கு அடி வேறு பகுதி. ஒரே சுல்தானின் நாலைந்து காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் இல்லாததை அதில் படித்து, ஒட்டுப்போட்டுத்தான் முழு வாசகத்தையும் மீட்க முடியும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அரபு எண்களில் ஏழு என்பது கூர்முனை கீழே பார்க்கும் இரண்டு கோடுகள். அதையே கவிழ்த்தால் எட்டு. மதுரை சுல்தான்களின் ஆண்டுகள் எல்லாமே எழுநூறுகளில் வருவதால் முதல் எண் ஏழாகத்தான் இருக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டால் காசை எந்தப் பக்கம் நிமிர்த்திப் பிடிப்பது என்று தெரிந்துவிடும். அரபு தெரியாத எத்தனையோ சேகரிப்பாளர்கள் இந்த ஒரு ஏழில் ஆரம்பித்துத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

எட்டுப் பெயர்கள்

அஹ்சன் ஷாவுக்குப் பின் அலாவுத்தீன் உதௌஜி ஷா. போர்க்களத்தில் வென்ற களைப்பில் தண்ணீர் குடிக்கத் தலைக்கவசத்தைத் தூக்கினார். எங்கிருந்தோ வந்த அம்பு அவரைச் சாய்த்தது. அடுத்து அவருடைய மருமகன் குத்புத்தீன் ஃபிரோஸ் ஷா, நாற்பது நாளில் கொல்லப்பட்டார். பிறகு வந்தவர் கியாசுத்தீன் முகமது தம்கானி. இவரைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரியும், காரணம் இவருடைய சகலை உலகப் பயணி இப்னு பதூதா.

அஹ்சன் ஷாவின் ஒரு மகளை தம்கானியும், இன்னொரு மகளை டெல்லியில் இருந்தபோது பதூதாவும் மணந்திருந்தார்கள். இலங்கையிலிருந்து கிளம்பிய பதூதாவின் கப்பல் நம் கரையோரம் உடைந்து, உயிர் பிழைத்து அவர் சுல்தானின் பாசறைக்கு வந்து சேர்ந்தார். அவர் எழுதியதை இன்று படித்தாலும் வயிறு கலங்கும். காட்டில் பிடிபட்டவர்களைக் கழுமரம் சுமக்க வைத்து மறுநாள் அதிலேயே ஏற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும் விடாமல் கொன்றதையும் பதூதா கண்ணால் கண்டார். எந்த அரசனும் செய்யக் கேள்விப்படாத அக்கிரமம் இது, இதனால்தான் இவருடைய முடிவு சீக்கிரம் வந்தது என்று சொந்த சகலையைப் பற்றியே எழுதினார். கண்ணனூரை முற்றுகையிட்ட ஹொய்சள அரசர் மூன்றாம் வல்லாளரை இந்த சுல்தான்தான் பிடித்துக் கொன்றார். வைக்கோல் அடைத்த அந்த முதிய அரசரின் தோல் மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கியதைப் பதூதா பார்த்திருக்கிறார். கொஞ்ச காலத்திலேயே மதுரையில் கொள்ளைநோய் புகுந்தது, சுல்தானின் குடும்பத்தில் சாவு விழுந்தது, அவரும் போனார்.

தம்கானியின் காசில் இந்தக் கொடுமைக்கு ஒரு தடயமும் இல்லை. ஒருபக்கம் முகமது தம்கான் ஷா, மறுபக்கம் உலகுக்கும் மார்க்கத்துக்கும் துணை என்ற பட்டம். அரசர்கள் காசில் எழுதிக்கொள்வதை அப்படியே நம்பக் கூடாது. காசை நம்ப வேண்டியது பெயருக்கும் ஆண்டுக்கும்தான்.

அடுத்தவர் அவருடைய அண்ணன் மகன் நாசிருத்தீன் மஹ்மூத் தம்கான் ஷா. பட்டம் ஏறியபோது கவிஞர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வாரி வழங்கினார். பதூதாவுக்கு 300 பொன் தீனாரும் ஒரு அங்கியும் கிடைத்தன. இவருடைய காசுகள் ஹிஜ்ரி 745-ஐச் சொல்கின்றன, அதாவது 1344-45. அந்தக் கட்டத்தில் பதூதா மதுரையை விட்டுக் கிளம்பிவிடுகிறார்.

அவரோடு கதை சொல்கிறவரும் போய்விட்டார். இதற்குப் பிறகு மதுரை சுல்தான்களை உள்ளேயிருந்து பார்த்து எழுதியவர் யாரும் இல்லை. ஹிஜ்ரி 757-ல் ஷம்சுத்தீன் ஆதில் ஷா என்ற ஒரு பெயர் காசில் வருகிறது. 761-லிருந்து 770 வரை பக்ருத்தீன் முபாரக் ஷா. 774-லிருந்து 779 வரை அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா. இந்த மூவரின் பெயரும் வரிசையும் காலமும் நமக்குக் கிடைத்தது அநேகமாக இந்தச் செப்புக் காசுகளின் தயவால்தான். 745-க்கும் 757-க்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் மதுரையில் யார் ஆண்டார் என்பது ஆய்வாளர்கள் இன்றும் வாதாடும் விஷயம். நாளைக்கே ஹிஜ்ரி 750 என்று ஆண்டு தெரியும் ஒரு காசு எங்காவது கிடைத்தால், பாடப்புத்தகத்தைத் திருத்த வேண்டியிருக்கும்.

காஞ்சியிலிருந்து கிளம்பிய படை

இந்தக் கதையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக்கும் பங்கு உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் இந்தத் தொண்டை மண்டலம் சம்புவராயர்கள் கையில் இருந்தது. விஜயநகரத்து முதலாம் புக்கரின் மகன் குமார கம்பணர் முதலில் சம்புவராயரை வென்று காஞ்சிபுரத்தில் வந்து அமர்ந்தார். மதுரைப் படையெடுப்பு அங்கிருந்துதான் கிளம்பியது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சி முப்பது கிலோமீட்டர் சொச்சம். கம்பணரின் மனைவி கங்காதேவி இந்தப் போரை மதுரா விஜயம் என்ற வடமொழிக் காவியமாகப் பாடினார். அதன் ஏடு திருவனந்தபுரத்தில் 1916-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. காவியத்தின் முடிவில் கம்பணர் சுல்தானை நேருக்கு நேர் நின்று வீழ்த்துகிறார்.

1371-ல் கோபணார்யர் ஸ்ரீரங்கத்துப் பெருமாளைத் திரும்ப எழுந்தருளச் செய்தார் என்று ஸ்ரீரங்கத்துக் கல்வெட்டு சொல்கிறது. ராமாநுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரிலும் அது பெரிய செய்தியாகத்தான் இருந்திருக்கும். காவியத்தையும் கல்வெட்டையும் வைத்துப் பார்த்தால் 1371-க்குள் மதுரை சுல்தானியம் முடிந்துவிட்டது.

ஆனால் சிக்கந்தர் ஷாவின் காசு இருக்கிறதே! ஹிஜ்ரி 774 என்றால் 1372-73. ஹிஜ்ரி 779 என்றால் 1377-78. முடிந்துபோன ஆட்சி ஆறேழு ஆண்டுகள் காசு அடித்துக்கொண்டிருக்காது.

கம்பணரின் வாளுக்கு இரையானவர் முபாரக் ஷாவாக இருக்கலாம். அவருடைய கடைசிக் காசு 770, அதாவது 1368-69-ஐச் சேர்ந்தது. அதன் பிறகு சிக்கந்தர் ஷா சுருங்கிப்போன ஒரு பகுதியில் தாக்குப்பிடித்தார், 1374 வாக்கில் கம்பணர் இறந்தபின் கொஞ்சம் மூச்சு விட்டார், 1378-ல் முடிந்துபோனார். என் கணிப்பு இதுதான். காவியம் பாடிய கங்காதேவி பொய் சொன்னார் என்று இதற்குப் பொருள் இல்லை. வெற்றியைப் பாடுகிறவர்கள் வெற்றியோடு நிறுத்திக்கொள்வார்கள். மிச்சம் மீதியைச் சொல்ல ஒரு செப்புக் காசுதான் இருந்தது.

நிறுத்து வாங்கிய வரலாறு

இந்தக் காசுகள் அகழாய்வில் கிடைத்தவை அல்ல. பெரும்பாலும் கடைத்தெருவிலிருந்து வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கன்னார்கள் பழைய செப்புக் காசுகளை நிறுத்து வாங்கிப் பாத்திரத்துக்கு உருக்கினார்கள். உலைக்குப் போகும் குவியலிலிருந்து சிலர் பொறுக்கி எடுத்தார்கள். திருமங்கலத்தில் இருந்த அமெரிக்க மிஷன் பாதிரியார் டிரேசி பாண்டியர் காசுகளைச் சேர்த்தார். திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி டேனிஷ் பாதிரியார் லோவந்தால் 1888-ல் எழுதினார். டஃப்னெல் என்ற ராணுவ கேப்டன் தென்னிந்தியாவில் நாணயம் சேர்ப்பவர்களுக்கென்றே 1889-ல் ஒரு கையேடு போட்டார். மதுரை சுல்தான்களின் காசுகளைத் தனியாக எடுத்து 1895-ல் சி.ஜே. ராட்ஜர்ஸ் வங்காள ஏஷியாடிக் சொசைட்டி இதழில் எழுதினார். சென்னையில் அரசு கல்வெட்டு அறிஞராக இருந்த ஹூல்ட்ஸ் 1909-ல் லண்டன் ராயல் ஏஷியாடிக் சொசைட்டி இதழில் அதை விரித்து எழுதினார். இன்று யாராவது ஒரு காசைக் கொண்டுவந்தால் எடுத்துப் பார்ப்பது ஸ்டான் கோரனும் ஜே.பி. கோயங்காவும் 2001-ல் வெளியிட்ட இந்திய சுல்தான்களின் நாணயப் பட்டியலை.

இவர்கள் இல்லாவிட்டால் எட்டு சுல்தான்களில் மூன்று பேர் செம்புக் குடமாகிப் போயிருப்பார்கள். அதனால் சேகரிப்பாளர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். சங்ககாலக் காசுகள் என்று ஒரு துறையே நமக்கு உருவானதில் பெரும்பங்கு ஒரு சேகரிப்பாளருடையது. தினமலர் ஆசிரியராக இருந்து 2021-ல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, பெருவழுதி என்று பெயர் பொறித்த பாண்டியர் காசை அடையாளம் கண்டு எழுதிய பிறகுதான், சங்ககால மன்னர்கள் காசு அடித்தார்களா என்ற கேள்வி அடங்கியது.

இன்றும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே காசுத் தட்டுகள் இருக்கும். அரபு எழுத்து இருந்தால் போதும், அது "நவாப் காசு". ஒருவகையில் அது சரியும்கூட. நம் வட்டாரத்தில் அதிகம் புழங்கியது ஆற்காடு ரூபாய்தான். நவாபின் அனுமதியோடு கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த அந்த ரூபாயில் ஹிஜ்ரி 1172 என்ற ஒரே ஆண்டை வைத்துக்கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஓட்டினார்கள். தட்டில் அந்தக் காசுகளுக்கு அடியில் எப்போதாவது ஒரு தம்கானியோ முபாரக் ஷாவோ சிக்கும். விலையும் பயப்படும்படி இருக்காது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டே எச்சரிக்கை. வார்ப்பில் செய்த போலிக் காசின் விளிம்பில் ஒட்டுக்கோடு தெரியும்; எழுத்தின் ஓரம் மழுங்கலாக, சோப்பு தடவினாற்போல இருக்கும். இரண்டாவது, வாங்கிய காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். களிம்போடு எழுத்தும் போய்விடும், ஆண்டும் போய்விடும்.

சந்தையில் இல்லாத ஒரே தகவல், காசு எந்த மண்ணிலிருந்து வந்தது என்பது. கேட்டால் மதுரைப் பக்கம், ஆற்று மணல், பழைய வீடு என்று பதில் வரும். சிக்கந்தர் ஷாவின் ராஜ்யம் எவ்வளவு சுருங்கியிருந்தது என்று தெரிய வேண்டுமானால் அவருடைய காசுகள் எந்தெந்த ஊரில் கிடைத்தன என்று தெரிந்தாக வேண்டும். காஞ்சிக்கு இந்தப் பக்கம் மதுரைக் காசு புழங்கியதா என்று தெரிய வேண்டுமானால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வாலாஜாபாத் மண்ணில் கிடைக்கும் ஒவ்வொரு செப்புக் காசையும் யாராவது பதிந்து வைத்திருக்க வேண்டும். காசு தட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பாதி வரலாறு தொலைந்துபோகிறது.

பத்து ரூபாய்ச் சட்டம்

தொலைவதற்குக் காரணம் மக்களின் பேராசை என்று சொல்வது எளிது. நான் சட்டத்தைத்தான் குற்றம் சொல்வேன். மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருளுக்கு இன்னமும் 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம்தான் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரிமை கோரி யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்காரருக்கு மீதியும் சேரும் என்ற பிரிவும் அதே சட்டத்தில் உண்டு. மண் வேலை செய்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? புதையல் என்றாலே போலீஸ், ஸ்டேஷன், அலைச்சல் என்றுதான் நம் ஊரில் பயம்.

அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. அரசு அந்தப் பொருளை எடுத்துக்கொள்ள நினைத்தால், அதிலுள்ள உலோகத்தின் மதிப்பையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். தங்கத்துக்கு இது பொருந்தும். செப்புக் காசுக்கு? ஒரு கைப்பிடி மதுரை சுல்தான் காசில் எத்தனை ரூபாய்ச் செம்பு இருக்கும்? அதற்காக ஒரு கூலித் தொழிலாளி அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலுவலகப் படி ஏறுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அவருக்கு வியாபாரி நேர்மையானவராகத் தெரிவதில் வியப்பில்லை.

இங்கிலாந்தில் 1996-ல் புதையல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். அருங்காட்சியகம் ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் கண்டவருக்கும் நிலத்துக்காரருக்கும் சந்தை விலை கிடைக்கும். புதையல் என்ற கணக்கில் வராத உதிரிக் காசுகளையும் கிடைத்த இடத்தோடு பதிவு செய்ய 1997-லிருந்து தனியாக ஒரு திட்டம் நடக்கிறது; பதிந்த பிறகு காசு கண்டவரிடமே திரும்பிவிடும். அரசுக்கு அதனால் நட்டம் இல்லை. வரலாற்றுக்கு வேண்டிய தகவல் வந்துவிட்டது.

நமக்கும் அது வேண்டும். உலோக விலை என்ற கணக்கை எடுத்துவிட்டு நியாயமான விலை கொடுக்கட்டும். ஒற்றைக் காசாக இருந்தாலும் இடத்தைப் பதிந்துகொண்டு ரசீது கொடுக்கட்டும். இவ்வளவு மண் புரளும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போன்ற இடங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம். கட்டட அனுமதி கொடுக்கும்போது, தோண்டும் இடத்தில் பழம்பொருள் கிடைத்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பலகை வைக்கச் சொல்வதில் என்ன சிரமம்?

சட்டம் மாறும்வரை நம்மால் ஆனது சில உண்டு. இந்தக் கட்டுரையைப் படிக்கும் காண்டிராக்டர், சைட் இன்ஜினீயர், பொக்லைன் ஓட்டுநர், வீட்டுக்குக் கிணறு வெட்டுகிற விவசாயி எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். பச்சைக் களிம்பேறிய காசு கண்ணில் பட்டால் தேய்க்காதீர்கள், உருக்கக் கொடுக்காதீர்கள். கிடைத்த இடத்திலேயே வைத்து செல்போனில் படம் எடுங்கள். எத்தனை அடி ஆழம், பக்கத்தில் பானை ஓடு இருந்ததா, எந்த சர்வே எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்து புரியாவிட்டால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயவியல் பிரிவு இருக்கிறது; 1851-ல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்துக்கு இப்படி வந்து சேர்ந்த காசுகள் ஏராளம். ஹிஜ்ரி 745-க்கும் 757-க்கும் நடுவில் மதுரையில் யார் இருந்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லும் காசு உங்கள் சைட்டிலும் கிடைக்கலாம்.